கிறிஸ்துமஸ் விடுமுறையில் கோட்டிங்கனுக்கு நண்பர்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு குளிர்காலங்களாக ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். நவம்பர் பிறந்ததும் பிற ஊர்களில் படிக்கும் நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள், ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பிகள், தங்கைகள் என்று பலர் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்பார்கள். தனித்தனியாகப் பதில் எழுதியவற்றை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

கோட்டிங்கன் எங்கே இருக்கிறது? பெயரே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

ஜெர்மனியின் நடுப்பகுதியில், கீழ் சாக்சனி மாநிலத்தின் தென்கோடியில் இருக்கிறது. ஒரு லட்சத்துச் சொச்சம் மக்கள் வாழும் ஊர். 1737-இல் தொடங்கிய பல்கலைக்கழகம்தான் அதன் உயிர். தெருவில் எதிர்ப்படுகிறவர்களில் பாதிப்பேர் மாணவர்களோ என்று தோன்றும். அதனால்தான் விடுமுறை விட்டதும் ஊர் சட்டென்று அடங்கிவிடுகிறது.

விடுமுறையில் ஊரே காலியாகிவிடும் என்கிறார்கள். அப்போது வந்து என்ன பயன்?

காலியாகிவிடும் என்பது உண்மை. விரிவுரைகள் ஏறக்குறைய இரண்டு வாரம் நின்றுவிடும். ஜெர்மன் மாணவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெற்றோர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். விடுதியில் எஞ்சுவது தொலைதூர நாட்டிலிருந்து வந்தவர்கள் மட்டும். என் முதல் ஆண்டில் எங்கள் தளத்தின் பன்னிரண்டு அறைகளில் பதினொன்று பூட்டிக் கிடந்தன. சமையலறையில் நான் வைத்த தட்டு மூன்று நாள் கழித்தும் வைத்த இடத்திலேயே இருந்தது. 26-ஆம் தேதி மாலை, வேறொரு நகரில் படிக்கும் நண்பன் ஒரு டப்பா புளிக்காய்ச்சலோடு கதவைத் தட்டினான். அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் இரண்டு நாளாக நான் யாரிடமும் வாய்விட்டுப் பேசவில்லை என்பது எனக்கே உறைத்தது.

உங்கள் நண்பர் இதைச் சொல்லமாட்டார். ‘இங்கே ஒன்றும் இல்லை, சும்மா படித்துக்கொண்டிருப்பேன்’ என்றுதான் சொல்வார். அந்த ‘ஒன்றும் இல்லை’ நடக்கும் நாட்களில் நீங்கள் வருவதுதான் பயன். கொண்டாட்டம் வேண்டுமென்றால் பெர்லினுக்குப் போங்கள். நண்பர் வேண்டுமென்றால் இங்கே வாருங்கள்.

எந்தத் தேதியில் வந்தால் நல்லது?

டிசம்பர் 23 மாலை, அல்லது 24 காலை. 24-ஆம் தேதி அரசு விடுமுறை இல்லை. ஆனால் கடைகள் பிற்பகல் 2 மணிக்குள் மூடிவிட வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பிறகு தெருக்கள் வெறிச்சோடிவிடும், பேருந்துகளும் குறையும். 25, 26 இரண்டும் முழு விடுமுறை. ஜனவரி 1-உம் அப்படியே. ஜனவரி 6 தெற்கே பவேரியா போன்ற சில மாநிலங்களில் விடுமுறை, இங்கே இல்லை.

இரண்டு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் 25, 26-ஐ ஒதுக்குங்கள். தனிமை அதிகம் அழுத்துவது அந்த இரண்டு நாட்களில்தான். 25-ஆம் தேதி ரயில் ஓடும். ஆனால் கையில் கொண்டுவருவதுதான் அன்றைய இரவுச் சாப்பாடு.

ரயிலில் எவ்வளவு நேரம் ஆகும்? டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருக்கிறேன், அது போதுமா?

கோட்டிங்கன் சின்ன ஊர் என்றாலும் ஐ.சி.இ. விரைவு ரயில்கள் நிற்கும் நிலையம். ஹனோவரிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து ஒன்றேமுக்கால் மணி, ஹாம்பர்க்கிலிருந்து சுமார் இரண்டு மணி, பெர்லினிலிருந்து இரண்டரை மணி, மியூனிக்கிலிருந்து நான்கு மணி நேரம். நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்குப் பத்து நிமிட நடை.

டாய்ச்லாண்ட் டிக்கெட் ஐ.சி.இ., ஐ.சி. ரயில்களில் செல்லாது. பிராந்திய ரயில்களிலும் ஊர்ப் பேருந்துகளிலும் மட்டும் செல்லும். ஹனோவரிலிருந்து பிராந்திய ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான், தாராளமாக வரலாம். ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து என்றால் காசல் நகரில் மாறி ஏறக்குறைய நான்கு மணி நேரம். பொறுமை இருந்தால் அதுவும் நல்ல பயணமே. புதிதாக அந்த டிக்கெட் எடுக்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அது மாதாந்தரச் சந்தா. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. அடுத்த மாதம் வேண்டாமென்றால் நடப்பு மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். டிசம்பருக்கு மட்டும் எடுத்துவிட்டு ஜனவரிக்கும் பணம் கட்டியவர்கள் பலர்.

ஐ.சி.இ. என்றால் மலிவு விலை டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். 23-ஆம் தேதி ரயில்கள் நிரம்பி வழியும், இருக்கை முன்பதிவும் செய்துவிடுங்கள். சேருமிடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதம் என்று தெரிந்தால், குறிப்பிட்ட ரயிலில்தான் ஏற வேண்டும் என்ற கட்டுப்பாடு நீங்கிவிடும், அடுத்த ரயிலில் ஏறலாம். 60 நிமிடத் தாமதத்துக்கு டிக்கெட் விலையில் 25 விழுக்காடும், 120 நிமிடத்துக்கு 50 விழுக்காடும் திரும்பக் கேட்கலாம்.

நான் பிரான்சில் படிக்கிறேன், என் நண்பர் இங்கிலாந்தில் படிக்கிறார். இருவருக்கும் விசா வேண்டுமா?

உங்களுக்கு வேண்டாம். ஷெங்கன் நாடு (பொதுவான விசா முறையில் இணைந்த ஐரோப்பிய நாடு) ஒன்றின் செல்லுபடியாகும் வசிப்பிட அனுமதி இருந்தால், எந்த 180 நாட்களிலும் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போய்வரலாம். கடவுச்சீட்டு, அனுமதி அட்டை இரண்டின் அசலும் கையில் இருக்க வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் சோதனை நடத்திவருகிறது. ரயிலிலேயே காவலர்கள் வந்து கேட்பார்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருப்பது போதாது.

இங்கிலாந்து ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால், இந்தியக் கடவுச்சீட்டு உள்ள உங்கள் நண்பருக்கு ஷெங்கன் விசா வேண்டும். அயர்லாந்திலிருந்து வருகிறவர்களுக்கும் அப்படியே. கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் தேவை. டிசம்பர் மாதத்தில் நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே கடினம். செப்டம்பரிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

அண்ணா, விடுதி அறையில் தங்கலாமா? யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

சில நாட்களுக்கு விருந்தினர் தங்குவது பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனால் ஒவ்வொரு விடுதியின் ஒப்பந்தத்திலும் விருந்தினர் பற்றி ஒரு பத்தி இருக்கும். எத்தனை நாள், முன்கூட்டிச் சொல்ல வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்கும். நண்பரை அதை ஒருமுறை படித்துவிடச் சொல்லுங்கள். தளத்தில் எஞ்சியிருப்பவர்களுக்கு ஒரு வரிச் செய்தி அனுப்புவதும் மரியாதை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் ஜெர்மன் தோழர் தன் அறையை உங்களுக்குத் தருவதாகச் சொன்னால், விடுதி நிர்வாகத்திடம் கேட்காமல் ஏற்காதீர்கள். அதில் பணம் கைமாறினால் உள்வாடகை என்று ஆகிவிடும், மாட்டிக்கொள்வது அவர்தான்.

ஆன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, வேண்டியதில்லை. ஜெர்மனியில் ஏற்கெனவே பதிவு செய்திருப்பவருக்கு ஆறு மாதம் வரையும், வெளிநாட்டில் வசிப்பவருக்கு மூன்று மாதம் வரையும் விலக்கு உண்டு. ஒரு வாரத்துக்கு வருகிறவர் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எத்தனை பேர் வரலாம்? எத்தனை நாள் இருக்கலாம்?

மாணவர் அறை என்பது பெரும்பாலும் ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் அலமாரி. தரையில் ஒருவர் படுக்கலாம், இருவர் படுத்தால் கதவு திறக்காது. ஆகவே ஓர் அறைக்கு ஒருவர். நான்கு பேராக வருகிறீர்கள் என்றால் நண்பர்களுக்குள் பிரிந்து தங்குங்கள், சமைக்க மட்டும் ஓரிடத்தில் கூடுங்கள்.

நாட்களைப் பொறுத்தவரை நான்கு இரவு என்பது என் கணக்கு. முதல் நாள் பேச்சு, இரண்டாம் நாள் ஊர், மூன்றாம் நாள் ஒன்றும் செய்யாமல் இருப்பது, நான்காம் நாள் வெளியூர். அந்த மூன்றாம் நாளை யாரும் வீண் என்று நினைக்க வேண்டாம். முக்கியமான பேச்செல்லாம் அன்றைக்குத்தான் வரும். ஒரு வாரத்துக்கு மேல் தங்க நினைத்தால் நண்பரிடம் நேரடியாகக் கேளுங்கள். ‘எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு’ என்று நம்மவர்கள் எப்போதும் சொல்வார்கள். அதைத் தேதியாக மாற்றிக் கேட்டால்தான் உண்மையான பதில் வரும்.

நான் பெண். தோழியின் விடுதித் தளத்தில் ஆண்களும் இருப்பார்களாம். வீட்டில் அம்மா பயப்படுகிறார். என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். இங்கே பெரும்பாலான விடுதிகளில் ஒரே தளத்தில் ஆண்களும் பெண்களும் இருப்பார்கள். ஒவ்வோர் அறைக்கும் தனிப் பூட்டு உண்டு. பகிர்ந்துகொள்வது சமையலறையும், சில இடங்களில் குளியலறையும். வந்து சேர்ந்ததும் தோழியின் அறையையும் நடைக்கூடத்தையும் காணொளி அழைப்பில் அம்மாவுக்குக் காட்டுங்கள், தோழியையும் இரண்டு வார்த்தை பேச வையுங்கள். என் தங்கை வந்தபோது அதைத்தான் செய்தோம். பயம் பாதி போனது அறையைப் பார்த்ததால், மீதி போனது அடுப்பில் ரசம் கொதிப்பதைப் பார்த்ததால்.

இரவில் ஊர் பாதுகாப்பானதுதான். ஆனால் விடுமுறையில் தெருக்களில் ஆள் நடமாட்டமே இருக்காது. இரவு தாமதமாக ரயிலில் வந்து இறங்கினால் தோழியை நிலையத்துக்கு வரச் சொல்லத் தயங்காதீர்கள்.

கடைகள் மூடியிருந்தால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

விடுமுறை நாட்களோடு ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து எண்ணுங்கள். ஞாயிறன்று ஆண்டு முழுவதுமே கடைகள் மூடித்தான் இருக்கும். 2026-இல் டிசம்பர் 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு. 24 பிற்பகலிலிருந்து 28 காலை வரை எதுவும் வாங்க முடியாது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். மாணவர் உணவகமான மென்சாவும் அந்த நாட்களில் கை கொடுக்காது. பெட்ரோல் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் ரொட்டி, பால் போன்ற சில பொருட்கள் கிடைக்கலாம், விலை அதிகம்.

ஆகவே 23-ஆம் தேதியே அரிசி, பருப்பு, தயிர், வெங்காயம், முட்டை, காய்கறி என்று எழுதிவைத்து வாங்கிவிட வேண்டும். 24 காலையில் கடைகளில் நிற்க இடம் இருக்காது. குடிநீரை வாங்கிச் சுமக்காதீர்கள், குழாய் நீரையே குடிக்கலாம். புட்டிகளில் வாங்கும் பானங்களுக்கு ஃபாண்ட் என்ற வைப்புத் தொகை உண்டு. ஒருமுறை பயன்படுத்தும் புட்டிக்கும் டப்பாவுக்கும் 25 சென்ட். காலியானதும் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டுத் திரும்பப் பெறலாம்.

வரும்போது என்ன எடுத்துவர வேண்டும்?

தூங்குபை, துண்டு, அறைக்குள் போடும் செருப்பு. இவை மூன்றும் கட்டாயம், நண்பரிடம் உபரியாக இருக்காது. பரிசு வாங்க வேண்டுமே என்று அலைய வேண்டாம். உங்கள் ஊரில் தமிழ்க் கடையோ இந்தியக் கடையோ பெரிதாக இருந்தால் கறிவேப்பிலை, முருங்கைக்காய், நல்ல இட்லி அரிசி போன்றவற்றைக் கேட்டுவிட்டு வாங்கி வாருங்கள். கறிவேப்பிலை ஒரு கட்டு கொண்டுவந்தவரை இந்த ஊரில் யாரும் மறந்ததில்லை.

குளிர் தாங்க முடியுமா? எத்தனை மணிக்கு இருட்டும்?

வெப்பநிலை சுழி டிகிரி செல்சியஸைச் சுற்றியே இருக்கும். ஈரமும் காற்றும்தான் தொல்லை, ஆகவே நீர் புகாத காலணியும் காது மூடும் தொப்பியும் கனமான கோட்டைவிட முக்கியம். காலை எட்டரை மணி அளவில்தான் சூரியன் எழும், மாலை நான்கேகாலுக்கு மறைந்துவிடும். வெளியே போக வேண்டியதைப் பத்து மணிக்கே தொடங்கிவிடுங்கள்.

அமைதி நேரம் என்கிறார்களே, பேசவே கூடாதா?

பேசலாம், சிரிக்கலாம். இங்கே ரூஹெட்சைட் என்பார்கள். பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அடுத்த அறைக்குக் கேட்கும் சத்தம் கூடாது. ஞாயிறும் விடுமுறை நாளும் முழு நாளும் அமைதி நாட்கள். துளைக்கும் இயந்திரம், உரத்த இசை, கண்ணாடிப் புட்டிகளைத் தெருவிலுள்ள சேகரிப்புத் தொட்டியில் போடுவது ஆகியவற்றையெல்லாம் வேலை நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊருக்கு அழைத்துப் பேசும்போது நம் குரல் தானாக உயர்ந்துவிடும். அதுவும் ஒலிபெருக்கியில் போட்டு, நான்கு பேர் சேர்ந்து, நள்ளிரவில். காலியான கட்டடத்தில் அது மூன்று தளத்துக்குக் கேட்கும். இந்தியாவில் அப்போது விடிகாலை என்பதால் அந்தப் பக்கமும் தூக்கம் கெடும். மாலை 5 மணிக்கு அழைத்தால் அங்கே இரவு ஒன்பதரை, எல்லோருக்கும் நல்லது.

தாளித்தால் புகை எச்சரிக்கை மணி அடித்துவிடுமா?

அடிக்கும். காய்ந்த மிளகாயும் கடுகும் எண்ணெயில் பொரியும்போது சில நிமிடங்களில் அடித்துவிடும். சமையலறைக் கதவை மூடி, சன்னலை அகலத் திறந்து, புகைபோக்கி விசிறியை ஓடவிட்ட பிறகு தாளியுங்கள். மணியைத் துணியால் மூடுவது, கழற்றிவைப்பது இரண்டையும் செய்யவே கூடாது. சில கட்டடங்களில் மணி தீயணைப்புத் துறையோடு இணைக்கப்பட்டிருக்கும். தேவையில்லாமல் வண்டி வந்தால் செலவு நண்பர் தலையில் விழலாம்.

சமைத்து முடித்ததும், காலை எழுந்ததும், சன்னலை முழுதாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றோட விட்டு மூடிவிடுங்கள். மூடிய அறையில் இருவர் உறங்கி, ஈரத் துணியையும் அங்கேயே உலர்த்தினால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். நீங்கள் போன பிறகு அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த அறைக்காரர்.

ஊரில் பார்க்க உண்மையிலேயே என்ன இருக்கிறது? எல்லாம் மூடியிருக்குமே?

மூடவே முடியாத இடங்கள்தான் இந்த ஊரில் சிறந்தவை. பழைய நகரைச் சுற்றியிருந்த கோட்டை மதில் இன்று மரங்கள் அடர்ந்த நடைபாதை. ஒரு சுற்று நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம். 1833-இல் மாணவராக இருந்த பிஸ்மார்க் (பின்னாளில் ஜெர்மன் பேரரசின் முதல் தலைமை அமைச்சர்) தங்கிய குட்டி வீடு மதிலோரம் இருக்கிறது. கணித மேதை கவுஸ், இயற்பியலாளர் வெபர் இருவரும் சேர்ந்திருக்கும் சிலையும் வழியில் வரும். அதே 1833-இல் அவர்கள் இந்த ஊரின் கூரைகளுக்கு மேலே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கம்பி இழுத்து மின் தந்தி அனுப்பினார்கள். நீங்கள் கைப்பேசியில் ‘வந்துவிட்டேன்’ என்று அனுப்பும் செய்தியின் மூதாதை அந்தக் கம்பி. கவுஸின் கல்லறை மதிலுக்குச் சற்று வெளியே, பழைய அல்பானி இடுகாட்டுப் பூங்காவில் இருக்கிறது.

பழைய நகர மன்றத்தின் முன்னால் கேன்சலீசல் நிற்கிறாள். வாத்து மேய்க்கும் பெண், 1901-இல் வைத்த நீரூற்றுச் சிலை. முனைவர் பட்டம் பெறுகிறவர்கள் அலங்கரித்த கைவண்டியில் வந்து, மேலே ஏறி, பூங்கொத்து வைத்து அவள் கன்னத்தில் முத்தமிடுவது வழக்கம். 1926-இல் நகராட்சி அதற்குத் தடை விதித்தும் வழக்கம் நிற்கவில்லை. இப்போது அங்கே நிற்பது நகல், அசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்கள் நண்பர் ஆய்வு மாணவர் என்றால் அங்கே நின்று அவரைப் படம் எடுங்கள். ஏறக் கூடாது, அது பட்டம் வாங்கும் நாளுக்கு.

நான் வருகிற எல்லோரையும் அழைத்துப்போவது நகர இடுகாட்டுக்கு. முதலில் முகம் சுளிப்பார்கள். போன பிறகு திரும்ப மனம் வராது. மாக்ஸ் பிளாங்க், ஓட்டோ ஹான், மாக்ஸ் போர்ன், மாக்ஸ் ஃபான் லாவே, வால்டர் நெர்ன்ஸ்ட் என்று நோபல் பரிசு பெற்றவர்கள் அங்கே துயில்கிறார்கள். போர்ன் கல்லறையில் குவாண்டம் இயக்கவியலின் அடிப்படைச் சமன்பாடு ஒன்றும், ஹான் கல்லறையில் அணுக்கருப் பிளவின் சமன்பாடும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கணித மேதை ஹில்பர்ட் கல்லறையில், ‘நாம் அறிந்தாக வேண்டும், நாம் அறிவோம்’ என்ற அவருடைய சொற்கள். கணிதவியலாளர் எம்மி நோதர் 1915-இல் இங்கே வந்தார். பெண் என்பதால் அவருக்கு விரிவுரை உரிமை மறுக்கப்பட்டது. 1919 வரை ஹில்பர்ட் பெயரில்தான் பாடம் நடத்தினார். 1933-இல் நாஜி ஆட்சி யூதப் பேராசிரியர்களை வெளியேற்றியபோது நோதர், போர்ன், கூரான்ட் எல்லோரும் இந்த ஊரை இழந்தார்கள், இந்த ஊர் அவர்களை இழந்தது. பனி பெய்யும் மாலையில் அந்தப் பாதையில் நண்பரோடு நடந்தால், அவர் ஏன் இவ்வளவு தூரம் வந்து படிக்கிறார் என்பது கேட்காமலே விளங்கும்.

ஒரு நாள் வெளியே போகலாம் என்றால் எங்கே?

ஹனோவரிஷ் மூண்டன். வெர்ரா, ஃபுல்டா இரண்டு ஆறுகள் கூடி வேசர் ஆறாகும் இடம். மரச்சட்ட வீடுகள் நிறைந்த சின்ன ஊர், பிராந்திய ரயிலில் சுமார் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். அதே தடத்தில் மேலே போனால் காசல். அங்கே மலைச்சரிவில் அமைந்த வில்ஹெல்ம்ஸ்ஹோஹே பூங்கா 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மேலே ஹெர்குலிஸ் சிலை வரை ஏறினால் ஊர் முழுவதும் தெரியும். பனி வேண்டுமென்றால் ஹார்ட்ஸ் மலைகள். அதன் உச்சி புரோக்கன் 1,141 மீட்டர், காற்று ஆளைத் தள்ளும். மேலே சொன்ன காலணி இல்லாமல் அங்கே போக வேண்டாம்.

நான் வந்திருக்கும்போதே நண்பன் ஆய்வகத்துக்குப் போய்விடுகிறான். என்மேல் அக்கறை இல்லையா?

இருக்கிறது. குளிர்காலப் பருவத்தின் விரிவுரைகள் பிப்ரவரியில் முடியும், அதோடு தேர்வுகள் வரும். ஆய்வு மாணவர் என்றால் செல்களும் எலிகளும் விடுமுறை அறியா. இரண்டு மணி நேரம் அவர் போய்வரட்டும். அந்த நேரத்தில் நீங்கள் சமைத்து வைத்தால், கதவைத் திறந்ததும் அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். அல்லது உங்கள் வேலையையும் எடுத்து வாருங்கள். ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் அமர்ந்து பேசாமல் படிப்பதும் கூடியிருப்பதுதான்.

செலவை எப்படிப் பகிர்வது? கேட்டால் கோபித்துக்கொள்வாரோ?

கேட்காதீர்கள், செய்துவிடுங்கள். முதல் நாள் மளிகைக் கடையில் பணம் கட்டும் இடத்தில் உங்கள் அட்டையை நீட்டுங்கள். உங்கள் நண்பர் பெரும்பாலும் முடக்கக் கணக்கிலிருந்து (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு) மாதந்தோறும் வரும் அளவான பணத்தில் வாழ்கிறவர். நம் வழக்கப்படி விருந்தாளியைச் செலவு செய்ய விடமாட்டார், மாதக் கடைசியில் சிரமப்படுவார். வெளியூர்ப் பயணங்களில் மட்டும் கணக்கெழுதிப் பிரித்துக்கொள்ளலாம்.

புத்தாண்டு இரவில் வெடி வெடிக்கலாமா?

டிசம்பர் 31, ஜனவரி 1 இரண்டு நாளும் 18 வயது நிறைந்தவர்கள் வெடிக்கலாம். வெடி விற்பனை 29, 30, 31 தேதிகளில் மட்டும், அவற்றில் ஒன்று ஞாயிறாக இருந்தால் 28-இலேயே தொடங்கும். ஆனால் தேவாலயம், மருத்துவமனை, முதியோர் இல்லம், எளிதில் தீப்பற்றும் கட்டடங்கள் இவற்றின் அருகில் நாடு முழுவதும் தடை. கோட்டிங்கன் பழைய நகரம் மரச்சட்ட வீடுகளால் ஆனது, ஆகவே உள்ளே வெடிக்கக் கூடாது. அயல்நாட்டிலிருந்து வெடி வாங்கி வராதீர்கள். மதில் மேல் ஓர் உயரமான இடத்தில் நின்று பார்த்தாலே போதும், நம் தீபாவளி நினைவுக்கு வந்துவிடும்.

விடுமுறையில் உடம்பு சரியில்லாமல் போனால்?

உயிருக்கு ஆபத்து என்றால் 112. காத்திருக்க முடியாது, ஆனால் ஆபத்தில்லை என்றால் 116117, மருத்துவர் சேவை. மருந்தகங்கள் முறை வைத்துத் திறந்திருக்கும், எந்த மருந்தகத்தின் கதவிலும் அன்றைய முறை யாருடையது என்று ஒட்டியிருப்பார்கள். பாராசிட்டமால் இங்கே பல்பொருள் அங்காடியில் கிடைக்காது, மருந்தகத்தில் மட்டுமே. ஆகவே ஓர் அட்டை எடுத்து வாருங்கள். வேறு ஐரோப்பிய நாட்டின் பொதுக் காப்பீட்டில் இருப்பவர்கள் ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டையையும்.

நண்பர் ‘வராதே, பரவாயில்லை’ என்கிறார். குரலும் சரியில்லை. போகலாமா?

இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் ஒருவரிடமிருந்தாவது வருகிறது. முதலில் காரணம் எது என்று பாருங்கள். அறை சிறியது, பணம் இல்லை, தேர்வு இருக்கிறது என்றால் மேலே சொன்ன வழிகள் உண்டு. ‘நான் சமைக்கிறேன், நீ படி, தரையில் படுத்துக்கொள்கிறேன், 25 வந்து 27 போகிறேன்’ என்று தேதியோடு சொல்லுங்கள். அப்படியும் வேண்டாமென்றால் அது அவருடைய முடிவு, அதை மதியுங்கள். சொல்லாமல் போய்க் கதவைத் தட்டுவது அன்பாகத் தோன்றினாலும், பலருக்கு அது இன்னொரு சுமை.

ஆனால் நீங்கள் போகவில்லை என்பதற்காக அவரை விட்டுவிடாதீர்கள். இருட்டத் தொடங்கும் நான்கரை மணிக்குத் தினமும் அழையுங்கள். கேள்விகள் வேண்டாம். நீங்கள் சமைப்பதைக் காட்டிக்கொண்டே அவர் சமைப்பதைப் பாருங்கள். பல நாட்களாக உறங்கவில்லை, உண்ணவில்லை, வாழ்வதில் பொருளில்லை என்பது போலப் பேசினால் மட்டும் மேலே சொன்ன மதிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, அதே ஊரில் இருக்கும் இன்னொரு நண்பரை உடனே அவர் அறைக்கு அனுப்புங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 112. பேசுவதற்கு மட்டும் ஆள் வேண்டுமென்றால் 0800 1110111 என்ற எண்ணில் இரவு பகலாக, கட்டணமில்லாமல் ஜெர்மன் மொழியில் பேச ஆட்கள் இருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு இப்படி ‘வராதே’ என்றவர் 27-ஆம் தேதி காலை தானே அழைத்து, ‘அடுத்த ரயில் எத்தனை மணிக்கு?’ என்று தன் தோழனிடம் கேட்டார். 27 சனிக்கிழமை, கடைகள் திறந்திருந்தன. அவன் வெங்காயமும் தயிரும் வாங்கிக்கொண்டு பிற்பகல் வந்து சேர்ந்தான்.